கோந்து கலந்த மண்சுவர் நிற்குமா?

கேள்வி: சிமெண்ட் இல்லாமல், சுடாத மண்கற்களால் ஓர் அறை கட்ட விரும்புகிறேன். மண்ணில் நூற்றுக்கு ஒரு பங்கு சாந்தன் கோந்துப் பொடி கலந்தால் சிமெண்ட் கலந்த மண்கல் அளவுக்கு உறுதி வரும் என்று படித்தேன். நம்பலாமா, ஐயா?
– வாசகி ஒருவர்

பதில்: நம்பலாம், சுவர் காய்ந்திருக்கும்வரை. இந்த நிபந்தனையைப் பலரும் சொல்லாமல் விடுகிறார்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

சாந்தன் கோந்து, சாந்தோமோனாஸ் என்ற பாக்டீரியா சர்க்கரையிலிருந்து உருவாக்கும் நீண்ட சங்கிலி மூலக்கூறு. கொத்தவரை இனத்து விதையில் கிடைக்கும் குவார் கோந்தும் இதே வகை வேலையைச் செய்யும். தண்ணீர் பட்டதும் கூழாகி மண் துகள்களைச் சூழ்ந்துகொள்ளும். தண்ணீர் ஆவியாக ஆவியாகச் சுருங்கி, துகள்களுக்கு நடுவே விறைத்த படலமாக நிற்கும். களிமண்ணை அது நேரடியாகவே பற்றுகிறது: ஹைட்ரஜன் பிணைப்பு ஒரு பக்கம், பாலமாக நிற்கும் கால்சியம் போன்ற அயனிகள் மறுபக்கம். மணலில் அந்தப் பிடி இல்லை, மேற்பூச்சு மட்டும்தான். உங்கள் மண் வெறும் மணல் என்றால், களிமண் சேர்க்காமல் வேலையைத் தொடங்கவே தொடங்காதீர்கள்.

ஆனால் காய்ந்த படலம் மறுபடி நனைந்தால் உப்பிக் கூழாகிவிடும். உறுதியின் பெரும்பகுதி போய்விடும். ஆகவே கோந்தை வாங்கும் முன் கூரையையும் அடித்தளத்தையும் தீர்மானியுங்கள். கூரை சுவரைத் தாண்டி நன்றாக வெளியே நீளட்டும். தரையிலிருந்து ஈரம் ஏறாதபடி மண்கல்லுக்குக் கீழே கருங்கல் வரிசை இருக்கட்டும். இவை இரண்டும் முடியாத இடமென்றால், இந்த முறை வேண்டாம் என்றே சொல்வேன்.

பொடியை நேரே தண்ணீரில் கொட்டினால் கட்டிதட்டும். முதலில் உலர்ந்த மண்ணோடு நன்றாகக் கலந்து, பிறகு தண்ணீர் விடுங்கள். கற்களை நிழலில், காற்றோட்டமாக, உள்ளீரம் போகும்வரை உலரவிடுங்கள். சிமெண்ட் கற்களைப் போல நீர் தெளித்துப் பதப்படுத்தக் கூடாது. முதலில் சில கற்கள் மட்டும் செய்து, ஒன்றைத் தண்ணீரில் அமிழ்த்திப் பாருங்கள். அது எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்பது கூரையை எவ்வளவு நீட்ட வேண்டும் என்று உங்களுக்கு உணர்த்தும்.

இத்தனை சிரமம் எதற்கு என்று யாராவது கேட்டால் சொல்லுங்கள்: உலகின் கரியமில வாயு வெளியீட்டில் ஏறக்குறைய 8 சதவீதம் சிமெண்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. சூளையை ஏறத்தாழ 1,450 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கும் எரிபொருள் மட்டும் காரணமல்ல. சுண்ணாம்புக்கல்லே சிதைந்து அந்த வாயுவை விடுகிறது. எரிபொருளை மாற்றினாலும் அந்தப் பங்கு குறையாது. ஓர் அறை அளவுக்கேனும் அதைத் தவிர்க்க நினைக்கிறீர்களே, மனமார வாழ்த்துகிறேன்.

கேள்வி: ஈரத்திலும் ஓரளவு தாங்கும் கோந்து உண்டா?
– அதே வாசகி

பதில்: ஜெல்லான் கோந்தும் அகாரும் உண்டு. சூடான நீரில் கரைந்து, ஆறும்போது இறுகுபவை. நனைந்தாலும் சாந்தனைவிட நன்றாகப் பிடித்து நிற்கும். ஆனால் அவ்வளவு மண்ணுக்கும் கொதிநீர் தயாரிப்பது கட்டுமிடத்தில் பெரும்பாடு. சுவர் முழுவதற்கும் வேண்டாம். சாரல் அதிகம் படும் கீழ்வரிசைக் கற்களுக்கு மட்டும் முயன்று பாருங்கள்.