மூச்சு வாங்கும் நோயாளிக்கு உடற்பயிற்சி ஆகுமா?

கேள்வி: என் தந்தைக்கு 67 வயது. நெடுங்காலம் பீடி புகைத்தவர், இப்போது விட்டுவிட்டார். ஸ்பைரோமெட்ரி பரிசோதனையில், முதல் விநாடியில் ஊதும் காற்று அவர் வயதுக்கு இருக்கவேண்டியதில் 34 விழுக்காடுதான் என்று சொல்லி, கடுமையான சி.ஓ.பி.டி. (நாட்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்) எனக் குறித்திருக்கிறார்கள். குளித்துவிட்டு வந்தாலே மூச்சு வாங்குவதால் நாங்கள் அவரை எந்த வேலைக்கும் எழவிடுவதில்லை. இப்போது மருத்துவர் உடற்பயிற்சிக்கு வரச் சொல்கிறார். இருக்கிற மூச்சும் போய்விடாதா, ஐயா?
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: போய்விடாது, அம்மா. அழைத்துச் செல்லுங்கள். உங்கள் அச்சத்தில் தவறில்லை. ஒரு காலத்தில் மருத்துவர்களே இந்நோய்க்கு ஓய்வைத்தான் எழுதிக்கொடுத்தார்கள். அமெரிக்காவில் ஆல்வன் பராக் என்னும் மருத்துவர், ஆக்சிஜன் கொடுத்து நடக்கவைத்த நோயாளிகள் தேறிவருவதைக் கண்டு 1952-இல் எழுதினார். 1960-களில் டென்வர் நகரில் தாமஸ் பெட்டி அதை முறையான மறுவாழ்வுப் பயிற்சியாக வளர்த்தார். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-இல் வெளியிட்ட மீளாய்வு 65 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 3,822 நோயாளிகளையும் ஒருசேரப் பரிசீலித்து, பயிற்சியால் மூச்சிறைப்பும் சோர்வும் குறைகின்றன, நடக்கும் திறன் கூடுகிறது என்று உறுதிசெய்தது.

ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பயிற்சியால் உங்கள் தந்தையின் நுரையீரல் சீராகாது. அந்த 34 விழுக்காடு ஏறத்தாழ அப்படியேதான் இருக்கும். மாறப்போவது அவருடைய கால்கள். மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்துவிடும் நோயாளியின் தொடைத் தசை மெலிவதோடு, ஆக்சிஜனைக் கொண்டு நெடுநேரம் உழைக்கவல்ல தசை இழைகளும் அதில் குறைந்துபோகின்றன. அதனால் சிறிது நடந்ததுமே தசையில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. அதைச் சமாளிக்க உடல் இன்னும் வேகமாக மூச்சுவிடச் சொல்கிறது. மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கும் இவர்களுக்கு வேகமாக மூச்சுவிட்டால், உள்ளிழுத்த காற்று முழுவதும் வெளியேறுமுன் அடுத்த மூச்சு வந்துவிடுவதால், நெஞ்சுக்குள் காற்று தேங்கித் திணறல் மிகுகிறது. திணறலுக்குப் பயந்து மேலும் அசையாதிருக்கிறார்கள். தசை மேலும் மெலிகிறது. நீங்கள் அன்பினால் தரும் ஓய்வு இந்தச் சுழலை வேகப்படுத்துகிறது என்பதை வருத்தத்துடன்தான் எழுதுகிறேன். தசை பலப்பட்டால் அதே தூரத்தைக் குறைந்த மூச்சில் நடக்க முடியும்.

முதல் நாள் 30 மீட்டர் நீளமுள்ள தாழ்வாரத்தில் ஆறு நிமிடம் நடக்கவைத்து, கடந்த தூரத்தையும் விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் காட்டும் இரத்த ஆக்சிஜன் செறிவையும் குறித்துக்கொள்வார்கள். பயிற்சிக்குப் பின் அத்தூரம் 30 மீட்டர் கூடினாலே அது நோயாளி உணரக்கூடிய முன்னேற்றம். அவரளவு கடுமையான நோயாளியால் இருபது நிமிடம் தொடர்ந்து சைக்கிள் மிதிக்க முடியாது என்பது உண்மையே. அதனால்தான் அரை நிமிடம் மிதித்து, அரை நிமிடம் நிறுத்தி, மீண்டும் மிதிக்கவைக்கும் முறை இருக்கிறது. காற்று தேங்க நேரம் கிடைக்காது, கால்களுக்கு மட்டும் முழு வேலை கிடைக்கும். கூடவே தொடைக்கும் கைகளுக்கும் எடைப் பயிற்சி உண்டு. மூச்சிறைப்புக்கு 0 முதல் 10 வரை நோயாளியே மதிப்பெண் சொல்லவேண்டும். 4 முதல் 6 வரை இருந்தால் பயிற்சி சரியான அளவில் நடக்கிறது என்று பொருள். அந்த அளவு மூச்சு வாங்குவதைக் கண்டு நீங்கள் பதறவேண்டாம். நெஞ்சுவலி, தலைசுற்றல், முகம் வெளிறுதல் ஆகியவை வந்தால் உடனே நிறுத்தவேண்டும். அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும், கட்டுப்படாத இதயத்துடிப்புக் கோளாறு உள்ளவர்களும் இதய மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் தொடங்கக்கூடாது.

வாரம் இரண்டு முறையேனும் பயிற்சியாளர் முன்னிலையில், குறைந்தது ஆறு முதல் எட்டு வாரம் இது நடக்கவேண்டும். அதன்பின் வீட்டில் நிறுத்திவிட்டால் பெற்ற பலன் ஓராண்டுக்குள் பெரும்பாலும் கரைந்துவிடும்.

கேள்வி: விறகடுப்பில் பல்லாண்டு சமைத்த என் அம்மாவுக்கு நுரையீரல் பாதிப்பு முற்றி, வீட்டில் ஆக்சிஜன் வைத்திருக்கிறோம். சென்ற வாரம்தான் மருத்துவமனையிலிருந்து வந்தார். அவருக்கும் பயிற்சி பொருந்துமா?
— ஒரு வாசகர், தேனி

பதில்: பொருந்தும். புகைபிடிக்காத பெண்களுக்கு அடுப்புப் புகையால் வரும் சி.ஓ.பி.டி.க்கும் இதே பயிற்சிதான். நோய் முற்றி மருத்துவமனையில் படுத்து எழுந்தவர்கள், வீடு திரும்பிய நான்கு வாரங்களுக்குள் தொடங்குவது நல்லது. படுக்கையில் கிடக்கும் நாள்களில் தசை மிக வேகமாகக் கரைகிறது. ஆக்சிஜன் குழாயை மாட்டிக்கொண்டே பயிற்சி செய்யட்டும். ஆக்சிமீட்டர் காட்டும் செறிவு 88 விழுக்காட்டுக்குக் கீழே இறங்காதபடி ஆக்சிஜன் அளவை எவ்வளவு கூட்டலாம் என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், நீங்களாகக் கூட்டாதீர்கள். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதே தொடக்கத்துக்குப் போதும். நடக்கும்போது சக்கரம் வைத்த வாக்கரில் கைகளை ஊன்றி முன்சாய்ந்து நடந்தால் மூச்சுத் தசைகளுக்குச் சுமை குறையும். உதட்டைக் குவித்து, இழுத்த நேரத்தைவிட இருமடங்கு நேரம் மெதுவாக ஊதி வெளிவிடவும் பழக்குங்கள்.

கேள்வி: மூன்று பந்துகள் உள்ள பிளாஸ்டிக் மூச்சுப்பயிற்சிக் கருவியைத் தினமும் இழுக்கிறேன். தனியாக நடைப்பயிற்சியும் வேண்டுமா?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: வேண்டும். அக்கருவி அறுவைச் சிகிச்சைக்குப் பின் நுரையீரல் சுருங்கிவிடாதிருக்கக் கொடுக்கப்படுவது. உங்கள் கால் தசைகளுக்கு அது எதுவும் செய்யாது. பந்தை உயர்த்தும் நேரத்தை நடைக்குத் திருப்புங்கள். மருத்துவர் எழுதிய மூச்சுக்குழாய் விரிக்கும் இன்ஹேலரை நடக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்பாக எடுத்துக்கொள்ளலாமா என்று அவரிடம் கேளுங்கள்.