எலீட் நிலைக்காக இன்னொரு டைம்ஷேர் வாங்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறோம். ஒரு விடுமுறை கிளப்பிடம் நேரடியாக வாங்கிய 7,000 பாயின்ட் டைம்ஷேர் (வருடாவருடம் கிடைக்கும் பாயின்ட்டைக் கொடுத்து ரிசார்ட்டில் தங்கும் உரிமை) இருக்கிறது. அந்தக் கடனில் இன்னும் 9,000 டாலர் பாக்கி, வட்டி 14 சதவீதம். வேலை நெருக்கடியால் போன வருஷம் பாதி பாயின்ட் வீணாகிவிட்டது. அதே கிளப்பில் உயர்நிலை உறுப்பினரான என் மச்சான், "ரீசேலில், அதாவது வேறு உரிமையாளரிடம், இன்னொரு 7,000 வாங்கிப் போடு, 14,000 ஆனால் எலீட் என்ற உயர்நிலை" என்கிறார். விலை 4,000 டாலர், மெயின்டனன்ஸ் (பராமரிப்புக் கட்டணம்) வருடத்துக்கு 1,400. மூன்று வருட பர்சனல் லோன் 13 சதவீதத்தில் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ரீசேல் விலை குறைவு என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் வாங்க நினைப்பது அந்தஸ்தை. அது ரீசேலில் வருமா என்று முதலில் பார்த்தீர்களா? பெரிய டைம்ஷேர் கிளப்களான ஹில்டன் கிராண்ட் வெக்கேஷன்ஸின் எலீட், கிளப் விண்டமின் விஐபி இரண்டிலுமே பொதுவான விதி ஒன்றுதான்: வெளியாரிடம் வாங்கிய பாயின்ட் தகுதிக்கணக்கில் சேராது. உங்கள் கிளப்பின் விதி என்ன என்று அவர்களிடமே எழுத்தில் கேளுங்கள். "நேரடியாகக் கொஞ்சம் வாங்குங்கள், ரீசேலையும் சேர்த்துக்கொள்கிறோம்" என்று விற்பனையாளர் சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள். அது இன்னொரு பெரிய கடனில்தான் கொண்டுபோய் விடும்.

சரி, கணக்கில் சேரும் என்றே வைத்துக்கொள்வோம். 4,000 டாலர் லோனுக்கு மாதம் சுமார் 135, அதாவது வருடத்துக்கு 1,600 சொச்சம். மெயின்டனன்ஸ் 1,400. ஆக மூன்று வருடம், வருடத்துக்கு 3,000 டாலர். பதிலுக்குக் கிடைப்பது சில கட்டணத் தள்ளுபடி, காலியாக இருந்தால் மட்டும் பெரிய அறை. தாராளமாக மதிப்புப் போட்டாலும் வருடத்துக்கு 700 டாலரைத் தாண்டுவது கஷ்டம். லோன் முடிந்த பிறகும் மெயின்டனன்ஸ் முடியாது, வருடாவருடம் ஏறிக்கொண்டுதான் போகும். கூடுதல் பாயின்ட்டில் தங்கலாமே என்பீர்கள். இருக்கிற பாயின்ட்டே பாதி வீணாகும்போது அதை எப்படி வரவில் வைப்பது?

உங்களைக் கெடுப்பது டைம்ஷேர்கூட இல்லை, அடுத்த படியைப் பார்த்து வாங்கும் பழக்கம். 14,000 தொட்டதும் அதற்கு மேல் ஒரு நிலை கண்ணில் படும். மச்சான் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் விடுமுறைக்கு எத்தனை நாள் போகிறார், நீங்கள் எத்தனை நாள் போகிறீர்கள்? அவர் மெயின்டனன்ஸுக்கு மட்டும் வருடத்துக்கு எவ்வளவு கட்டுகிறார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

லோனுக்குக் கட்டத் தயாராக இருந்த அந்த 135 டாலரை, இந்த மாதத்திலிருந்தே பழைய கடனின் அசலில் கூடுதலாகப் போடுங்கள். 9,000 டாலருக்கு 14 சதவீதம் என்றால் வட்டி மட்டும் வருடத்துக்கு 1,260. முதலில் அடைக்க வேண்டிய ஓட்டை அதுதான். முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்று மட்டும் ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், எந்த வருஷமாவது கூடுதல் நாட்கள் தேவைப்பட்டால், பயன்படுத்த முடியாமல் வைத்திருக்கும் வேறு உரிமையாளரிடம் அந்த ஒரு வாரத்தை மட்டும் வாடகைக்கு எடுங்கள். பல பேர் மெயின்டனன்ஸ் காசு தேறினால் போதும் என்று கொடுத்துவிடுகிறார்கள். பணம் அனுப்பும் முன், முன்பதிவு உங்கள் பெயரில் இருக்கிறதா என்று ரிசார்ட்டுக்கே போன் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.