‘ஆஸ்க்’ என்பதற்கு ஸ்பானிஷில் எந்த வினைச்சொல்?

கேள்வி: ‘ஆஸ்க்’ என்று அகராதியில் தேடினால் பெதிர், ப்ரெகுந்தார் என்று இரண்டு வருகிறது. எதை எங்கே போடுவது?

ஆங்கிலத்தை விட்டுவிட்டு ஆற்காட்டு மிட்டாய்க்கடைக்கு வாருங்கள். “மக்கன் பேடா கிலோ என்ன விலை?” என்று கேட்டால் அது ப்ரெகுந்தார். “கால் கிலோ குடுங்கண்ணா” என்று கேட்டால் பெதிர். பதில் வேண்டுமென்றால் முன்னது, பொருளோ உதவியோ வேண்டுமென்றால் பின்னது. நம் ‘கேள்’ இரண்டையும் சுமக்கிறது, போதாக்குறைக்குப் பாட்டும் கேட்கிறது (அதற்கு எஸ்குச்சார் என்று தனிச்சொல்). அதனால் இந்த விஷயத்தில் நமக்கு ஆங்கிலேயரைவிடக் குழப்பம் கொஞ்சம் அதிகம்தான்.

நானே மாட்டியிருக்கிறேன். ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் இருந்தபோது, ஸ்பெயின்காரரிடம் சாம்பிள் கேட்டு எழுதிய கடிதத்தில் பெதிர் போட வேண்டிய இடத்தில் ப்ரெகுந்தார் போட்டுவிட்டேன். “சாம்பிளைப் பற்றி என்ன தெரிய வேண்டும்?” என்று பணிவாகப் பதில் வந்தது. சாம்பிள் வரவில்லை! பெதிதோ என்றால் அங்கே ஆர்டர். பெதிரிலிருந்து வந்த சொல்தான் அது. இதை நினைவில் வைத்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

இன்னொரு வம்பு: ‘கேள்வி கேட்டேன்’ என்பதற்கு இரண்டுமே வேண்டாம். அவர்கள் கேள்வியைச் ‘செய்கிறார்கள்’, அதாவது அசேர் உனா ப்ரெகுந்தா. சாப்பிட வரச்சொல்லிக் கேட்பது இன்பிதார். பெதிர், ‘நான் கேட்கிறேன்’ என்று தன்மையில் வரும்போது ‘பிதோ’ ஆகும், பெதோ அல்ல. அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள், அதன் அர்த்தம் வேறு.