என் சிஎன்சி இயந்திரத்தில் நூறு தடவை போய்வந்தால் எக்ஸ் அச்சு 0.6 மி.மீ. விலகுகிறதே, ஏன்?

ஜிஆர்பிஎல்லில் (இயந்திரத்தை ஓட்டும் மென்பொருள்) $2=1 கொடுங்கள்; இது எக்ஸ் ஸ்டெப் பல்ஸைத் தலைகீழாக்கும். $0=10 (பல்ஸ் நீளம், மைக்ரோசெகண்டில்) ஆகவே இருக்கட்டும். பிறகு மறுபடி ஹோமிங் (தொடக்கப் புள்ளியைக் கண்டுபிடிக்கும் ஓட்டம்) செய்யுங்கள்.

டிஎம்542 மோட்டார் டிரைவருக்கு டைரக்‌ஷன் சிக்னல், பல்ஸுக்கு 5 மைக்ரோசெகண்ட் முன்பே வந்தாக வேண்டும். நீங்கள் பல்ஸ் மைனஸ், டைரக்‌ஷன் மைனஸ் இரண்டையும் கிரவுண்டில் இணைத்திருப்பதால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே போய்ச் சேர்கின்றன. அதனால் ஒரு முனையில் திரும்பும்போது முதல் ஸ்டெப் பழைய திசையிலேயே விழுகிறது. $2=1 கொடுத்தால் டிரைவர் பல்ஸின் முடிவில்தான் ஸ்டெப் எடுக்கும்; திசை மாற 10 மைக்ரோசெகண்ட் கிடைக்கும். ஒரு சுற்றுக்கு 1600 பல்ஸ், 5 மி.மீ. நகர்த்தும் லீட் ஸ்குரூ என்றால் போய்வர 2 ஸ்டெப் பிழை; 100 தடவைக்கு 0.625 மி.மீ. நீங்கள் சொன்ன 0.6 மி.மீ.யோடு ஏறத்தாழப் பொருந்துகிறது. (பேக்லாஷ், அதாவது ஸ்குரூவின் தளர்வு, இப்படிச் சேர்ந்துகொண்டே போகாது.)

டயல் கேஜ் (நுண்ணிய நகர்வை அளக்கும் கருவி) வைத்து, வேகத்தையும் ஆக்சிலரேஷனையும் பாதியாக்கி அதே 100 தடவை ஓட்டிப் பாருங்கள். விலகல் மாறாவிட்டால் டைமிங்தான்.

குறைந்தால் $2 உதவாது. மோட்டார் ஸ்டெப் தவறவிடுகிறது. டிரைவர் கரன்ட், சப்ளை வோல்டேஜ் பக்கம் போங்கள்.