வீடு வாசல் கேள்வி பதில்: ஷார்ட்டை யார் போடுவது?

கேள்வி: ஐயா, என் மகன் கலிபோர்னியாவில் சாக்ரமென்டோ பக்கம் வேலை பார்க்கிறான். நாலு மாதத்துக்கு முன் ஒரு வீட்டுக்கு விலை எழுதிக் கொடுத்தான். அக்கம்பக்கத்து வீடுகளைவிட விலை குறைவு. 'ஷார்ட் சேல்' என்கிறான். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டார், பேங்க்கிலிருந்துதான் பதிலே வரவில்லை. தரகர் பொறு பொறு என்கிறாராம். இது ஏமாற்று வேலையா? இன்னொன்றும் கேட்கிறேன். கடனில் மூழ்கியவர் வீட்டை வாங்கினால் அவர் வயிற்றெரிச்சல் நம்மைச் சேராதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, லாஸ்பேட்டை

பதில்: அம்மா, நான் 34 வருடம் வங்கியில் இருந்தவன். முதல் 6 வருடம் கேஷ் கவுன்டர், கடைசி 9 வருடம் கடன் வசூல். சாயங்காலம் கேஷ் எண்ணி முடித்ததும் கணக்குக்கு 500 ரூபாய் குறைந்தால் 'ஷார்ட்' என்போம். அந்தக் குறையை கேஷியர் தன் சட்டைப்பையிலிருந்து போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகமுடியும். உங்கள் மகன் சொல்லும் ஷார்ட்டும் அதே ஷார்ட்தான். வீட்டின் மேல் 4 லட்சம் டாலர் கடன் நிற்கிறது, வீடு இன்றைக்கு விற்றால் 3,40,000தான் தேறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60,000 ஷார்ட். விற்பவரிடம் அதைக் கட்டப் பணம் இல்லை. 'வருவதை வாங்கிக்கொண்டு அடமானத்தை விடுவித்துவிடுங்கள்' என்று வங்கியிடம் கேட்கிறார். வங்கி சரி என்றால்தான் விற்பனை.

2007, 2008-ல் அமெரிக்காவில் வீட்டு விலை சரிந்தபோது இந்த வார்த்தை அங்கே வீட்டுக்கு வீடு புழங்கியது. வாங்கிய விலையைவிட வீடு மலிந்துபோய், கடன் மட்டும் அப்படியே நின்றது.

நாலு மாதத் தாமதத்தை வைத்து மட்டும் ஏமாற்று என்று சொல்லமுடியாது. வீட்டுக்காரர் தன் கஷ்டத்தை விளக்கி ஒரு கடிதம் எழுதவேண்டும், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் கொடுக்கவேண்டும். வங்கி தன் ஆளை அனுப்பி வீட்டை மதிப்புப் போட்டுப் பார்க்கும். ஏலத்துக்கு விட்டால் என்ன தேறும், இப்படி விட்டால் என்ன தேறும் என்று கணக்குப் போடும். இரண்டாவது கடன் ஒன்று இருந்தால் அந்த வங்கியும் சம்மதிக்கவேண்டும். முதல் வங்கிக்குப் போக அவர்களுக்குக் கிடைப்பது சில்லறை என்பதால் முறுக்கிக்கொள்வார்கள். எனக்குத் தெரிந்து பல ஷார்ட் சேல் இந்த இடத்தில்தான் மாட்டும். அதனால் மகனைத் தரகரிடம் மூன்று விஷயம் கேட்கச் சொல்லுங்கள். எத்தனை கடன் இருக்கிறது, இரண்டாவது வங்கியிடம் பேசியாகிவிட்டதா, ஏலத்துக்குத் தேதி ஏதும் குறித்திருக்கிறார்களா. கடைசிக் கேள்வி முக்கியம். ஒரு மேஜையில் ஷார்ட் சேல் மனு கிடக்கும், பக்கத்து மேஜையில் ஏலத்துக்கு நாள் குறித்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் ஆபீஸிலும் இதுதான் நடக்கும்.

முன்பணம் எஸ்க்ரோ கணக்கில், அதாவது மூன்றாம் ஆள் கையில், இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இவ்வளவு நாளைக்குள் வங்கி பதில் தராவிட்டால் விலகிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் பணம் திரும்பி வரும். வீட்டை உள்ளது உள்ளபடிதான் கொடுப்பார்கள், கூரை ஒழுகினாலும் யாரும் சரிசெய்து தரமாட்டார்கள். ஆகவே ஆள் வைத்துச் சோதிக்காமல் முடிக்கவேண்டாம். வீட்டுக்காரரோ வேறு யாரோ 'கணக்கில் வராமல் தனியாகக் கொஞ்சம் கொடு' என்றால் அன்றைக்கே எழுந்து வந்துவிடட்டும். வாங்குபவரும் விற்பவரும் உறவில்லை, மறைமுகப் பேச்சு ஏதும் இல்லை என்று இருவரிடமும் வங்கி உறுதிமொழி எழுதி வாங்கும். பொய்யாகக் கையெழுத்துப் போட்டால் அங்கே அது மோசடிக் குற்றம்.

வயிற்றெரிச்சல் பற்றிக் கேட்டீர்கள். ஏலத்தில் வீடு போய்ச் சாமானோடு தெருவில் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஷார்ட் சேலில் வீட்டுக்காரர் தானே கையெழுத்துப் போட்டு, தானே சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறார். கலிபோர்னியாவில் 2011-ல் ஒரு சட்டம் வந்தது. வங்கி ஒப்புக்கொண்டு இப்படி விற்ற குடியிருப்பு வீட்டுக்கு, மீதிக் கடனை விற்றவரிடம் திரும்பக் கேட்கக்கூடாது. அதாவது ஷார்ட்டை வங்கிதான் தன் பையிலிருந்து போடவேண்டும். எல்லா மாநிலத்திலும் அப்படி இல்லை. உங்கள் மகன் இந்த வீட்டை வாங்கினால் அந்த மனிதர் கடனிலிருந்து வெளியே வருவார். அவர் உங்களைச் சபிக்கக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: சார், கூத்தப்பாக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் வீட்டை விற்கிறார். வட்டியோடு கடன் 41 லட்சம் ஆகிவிட்டது. வீடு 35 லட்சம் போகலாம். 33 லட்சம் கட்டினால் கணக்கை முடித்துக்கொள்கிறோம் என்று பேங்க்கில் சொன்னார்களாம். 'நீங்கள் 35 கொடுங்கள், நான் 33 கட்டிவிட்டுப் பத்திரத்தை மீட்டுக் கொடுக்கிறேன்' என்கிறார். நம்பலாமா?
– கடை வைத்திருப்பவர், முதுநகர்

பதில்: ஆளை நம்புங்கள், பணத்தை அவர் கையில் கொடுக்காதீர்கள்.

நம் ஊரில் வீட்டு விலை விழுந்து கடன் மூழ்குவது அபூர்வம். வட்டியும் அபராத வட்டியும் ஏறி ஏறித்தான் கடன் வீட்டைத் தாண்டும். கொடுக்கும்போதே மதிப்பை ஊதிக் காட்டியிருந்தால் இன்னும் சீக்கிரம் தாண்டும். அமெரிக்காவில் ஷார்ட் சேல் என்பதை இங்கே 'ஓடிஎஸ்' என்பார்கள், ஒரே தவணையில் கணக்கு முடிப்பு. பெயர் வேறு, கணக்கு ஒன்று. உங்கள் விஷயத்தில் 8 லட்சம் ஷார்ட். அதை வங்கி போடுகிறது என்பது வங்கியின் கடிதத்தில் இருக்கவேண்டும். 'சொன்னார்களாம்' என்பதெல்லாம் டீக்கடையோடு சரி. கடன் கணக்கு எண், 33 லட்சம், எந்தத் தேதிக்குள், அது கட்டியபின் பாக்கி எதுவும் இல்லை, அடமானத்தை விடுவிக்கிறோம், உங்களுக்கு விற்க ஆட்சேபம் இல்லை. இத்தனையும் அந்தக் கடிதத்தில் வரவேண்டும்.

விற்க ஆட்சேபம் இல்லை என்ற வரியை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், தவணை 90 நாள் தவறினால் கணக்கு வாராக்கடன். அப்புறம் 2002-ஆம் வருட சர்ஃபேசி சட்டப்படி, அதாவது கோர்ட்டுக்குப் போகாமலே வங்கி அடமானச் சொத்தை எடுத்து விற்க வழிவிடும் சட்டப்படி, 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் போகும். அந்த நோட்டீஸ் கைக்கு வந்தபின் வங்கியின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் வீட்டுக்காரர் அந்த வீட்டை விற்கக்கூடாது. உங்கள் நண்பருக்கு நோட்டீஸ் வந்திருக்கிறதா என்று கேளுங்கள். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

பணம் 33 லட்சத்தையும் நேரே அந்தக் கடன் கணக்குக்கே டிடி எடுங்கள், அல்லது ஆர்டிஜிஎஸ் செய்யுங்கள். மீதி 2 லட்சம் பதிவன்று அவருக்கு. ஈசி, அதாவது வில்லங்கச் சான்று, போட்டுப் பார்த்தால் 'உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு' என்று வங்கி அடமானத்தைக் காட்டும் ஒரு பதிவு இருக்கும். அதை ரத்து செய்யும் ரசீது ஆவணத்தை வங்கி அதிகாரி வந்து பதிந்துகொடுக்க வேண்டும். அது முடிந்ததும் அதே நாளில், அதே ஆபீஸில் உங்கள் கிரயம். மூலப்பத்திரம் உங்கள் கைக்கு. நீங்கள் வேறு வங்கியில் கடன் வாங்கி வாங்குவதாக இருந்தால் இரண்டு வங்கி மேலாளர்களையும் முன்னாலேயே போனில் பேசவைத்துவிடுங்கள். இல்லையென்றால் 'பத்திரம் வந்தால்தான் பணம்' என்று ஒருவரும் 'பணம் வந்தால்தான் பத்திரம்' என்று இன்னொருவரும் உட்கார்ந்திருப்பார்கள், ஓடிஎஸ் தேதி ஓடிவிடும்.

இவ்வளவு பேசுகிற நானே ஒருமுறை ஏமாந்தேன். தானே புயல் அடித்த அடுத்த வருடம், 2012. செம்மண்டலத்தில் என் மச்சினருக்கு இதே மாதிரி ஒரு வீடு. வங்கிக் கடிதம் இருந்தது, ஈசியில் ஒரே வில்லங்கம், பணம் நேரே கடன் கணக்குக்கு. வசூல் பிரிவுக்காரன் பார்த்தால் தப்பு வருமா என்று எனக்கு ஒரு மிதப்பு. பத்திரம் பதிந்து சாவி வாங்கப் போனால் மாடியில் துணி காய்கிறது. ஒரு குடும்பம் குடியிருக்கிறது. வீட்டுக்காரர் கடன் நெருக்கடியில் 3 லட்சம் வாங்கிக்கொண்டு மாடியைப் போக்கியத்துக்கு விட்டிருக்கிறார். இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதியது, பதியாதது, ஈசியில் எப்படி வரும்? பணம் கிடைத்தால்தான் போவேன் என்று அந்த அம்மா சொன்னார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது, மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த காசு. விற்றவர் திருப்பூர் போய்விட்டார். ஐந்து மாதம் பேசி, மச்சினர் ஒரு லட்சத்து ஐம்பதாயிரம், நான் ஐம்பதாயிரம் கொடுத்தோம். மீதி ஒரு லட்சத்தை அந்த அம்மா விட்டுக்கொடுத்தார். எத்தனை ஆவணம் பார்த்தேன், மாடிப்படி ஏறிப் பார்க்கவில்லை. மச்சினர் இன்றைக்கும் விசேஷ வீடுகளில் எனக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறார்.

ஆகவே கூத்தப்பாக்கம் வீட்டுக்கு இரண்டு தடவை போங்கள், ஒன்று இரவு எட்டு மணிக்கு. எந்த அறையில் விளக்கு எரிகிறது என்று பாருங்கள். யார் வாடகை, யார் போக்கியம் என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். மின்கட்டண பாக்கி, வீட்டு வரி பாக்கி பாருங்கள், கடனில் இருப்பவர் முதலில் நிறுத்துவது இதைத்தான். மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று எதிர்வீட்டுப் பாட்டியிடம் கேளுங்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை வெள்ளம் புகுந்த சுவர்களுக்கு மேல் புதுப் பெயின்ட் அடித்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மலிவாக வாங்குவதில் ஒரு முள்ளும் உண்டு. முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமும் தமிழ்நாட்டில் சேர்த்து 9 சதவீதம். அதை வழிகாட்டி மதிப்புக்கு, அதாவது அந்தத் தெருவுக்கு அரசு போட்டுவைத்த மதிப்புக்கு, குறையாமல்தான் கட்டவேண்டும். நீங்கள் கொடுக்கும் விலையைவிட வழிகாட்டி மதிப்பு 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், அந்த வித்தியாசத்தை உங்கள் வருமானம் என்று வருமான வரித்துறை எடுத்துக்கொள்ளும். பேசி முடிக்கும் முன் அந்தத் தெருவின் மதிப்பைப் பதிவுத்துறை இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

உங்கள் நண்பருக்கும் ஒரு விஷயம் சொல்லிவிடுங்கள். கடன் வரலாற்றைப் பதிந்துவைக்கும் சிபிலில் அவர் கணக்கு 'முடிந்தது' என்று வராது, 'செட்டில்டு', அதாவது குறைத்துக் கட்டித் தீர்த்தது, என்று வரும். அடுத்த சில வருடம் யாரும் கடன் கொடுக்கத் தயங்குவார்கள். தெரிந்துகொண்டு செய்யட்டும், பிறகு உங்களைக் குறை சொல்லக்கூடாது.

கேள்வி: திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீடு வங்கி ஏலத்துக்கு வருகிறது. நோட்டீஸில் 'அடையாள சுவாதீனம்' என்று போட்டிருக்கிறது. கேட்கலாமா?
– ஒரு வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: அடையாள சுவாதீனம் என்றால் வங்கி கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது, உள்ளே ஆள் இருக்கிறார். அவரை எழுப்ப மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்கவேண்டும். கடன் வசூல் தீர்ப்பாயத்தில் அவர் 45 நாளைக்குள் வழக்குப் போடலாம். ஏலம் உங்கள் பேரில் முடிந்தால் அன்றோ மறுநாளோ 25 சதவீதம், ஏலம் உறுதியான நாளிலிருந்து 15 நாளுக்குள் மீதி. கட்டத் தவறினால் போட்ட பணம் போச்சு. வீட்டுக் கடன் எடுத்துக் கட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு 15 நாள் கண் மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். பணம் கையில் இருந்து, இரண்டு வருடம் காத்திருக்கவும் முடிந்தால் கேளுங்கள். குடிபோக வீடு தேடுகிறீர்கள் என்றால் வேண்டாம்.

கேள்வி: ஓடிஎஸ் பணம் முழுதும் கட்டி இரண்டு மாதம் ஆகிறது. பத்திரத்தைக் கேட்டால் 'மண்டல ஆபீஸிலிருந்து வரணும்' என்கிறார்கள். என்ன செய்வது?
– முதலியார்பேட்டை வாசகி

பதில்: 2023 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு இருக்கிறது. கடன் தீர்ந்த 30 நாளுக்குள் மூலப்பத்திரத்தைத் திருப்பவேண்டும், தாமதம் வங்கியின் தவறு என்றால் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் உங்களுக்குத் தரவேண்டும். பணம் கட்டிய ரசீதின் நகலோடு இதைக் குறிப்பிட்டு மேலாளருக்குக் கடிதம் எழுதுங்கள், நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். இத்தனை நாளுக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கையும் நீங்களே போட்டு எழுதிவிடுங்கள். ஆபீஸில் இருந்தவன் சொல்கிறேன், கடிதத்தைப் படிக்காதவர்கள்கூட கீழே இருக்கும் கூட்டுத்தொகையைப் படிப்பார்கள்.