உத்தரவை மாற்றக் கோரி மனு வந்தால்…

கேள்வி: இந்துத் திருமணச் சட்டப்படி எங்களுக்கு விவாகரத்தாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஒன்பது வயது மகள் என்னோடு இருக்கிறாள். வேலை போய்விட்டதால் ஜீவனாம்சத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்றும், நான் வேலைக்குப் போவதால் மகளைத் தம்மிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் முன்னாள் கணவர் இப்போது மனு போட்டிருக்கிறார். சம்மன் வந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. முடிந்த வழக்கை மீண்டும் கிளற முடியுமா? நான் போகாவிட்டால் என்ன ஆகும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முடியும். சூழ்நிலை மாறினால் ஜீவனாம்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம், பிரிவு 25(2) இடம் தருகிறது. குழந்தையின் பொறுப்பு பற்றிய உத்தரவைப் பிரிவு 26இன் கீழ் மாற்றலாம். ஆனால் மனு போட்டதாலேயே எதுவும் மாறிவிடுவதில்லை. முந்தைய உத்தரவுக்குப் பிறகு உண்மையில் என்ன மாறியது என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு மனுதாரருடையது; நீதிமன்றம் மாற்றும் வரை பழைய உத்தரவே செல்லும். ஆகவே கலங்காதீர்கள், அதே சமயம் வாய்தாவையும் தவறவிடாதீர்கள். நீங்கள் வராவிட்டால் அவர் தரப்பை மட்டும் கேட்டு ஒருதலைப்பட்சமாக உத்தரவு பிறப்பிக்கப்படலாம். அதை நீக்கக் கோரி அலைவது, இப்போது ஒரு நாள் விடுப்பு எடுப்பதைவிடப் பல மடங்கு கடினம்.

மனுவுக்கு நீங்கள் எழுத்தில் தரும் பதிலான எதிருரைதான் உங்கள் வழக்கின் உயிர். 'மனுவில் உள்ளவை அனைத்தும் பொய்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவதைப் பலர் செய்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். குறிப்பாக மறுக்கப்படாத செய்தியை ஒப்புக்கொண்டதாகவே கொள்ளலாம் என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் விதி என்பதால், பத்தி பத்தியாகப் பதில் எழுத வேண்டும். 'தாய் வேலைக்குச் செல்வதால் குழந்தை மாலையில் தனியே விடப்படுகிறது' என்று ஒரு பத்தி இருந்தால், மகள் எத்தனை மணிக்கு வீடு வந்து சேர்கிறாள், அவளுக்குக் கதவைத் திறப்பவர் யார், நீங்கள் எப்போது திரும்புகிறீர்கள் என்பதைத் தேதியும் நேரமுமாகச் சொல்லுங்கள். பள்ளி டைரியில் வாரந்தோறும் இருக்கும் உங்கள் கையெழுத்தும், மருத்துவரின் சீட்டில் உடன் வந்தவராகக் குறிக்கப்பட்ட உங்கள் பெயரும் நீண்ட வாதத்தைவிட அதிகம் பேசும். அவருடைய குணத்தைப் பழிக்கும் வரிகளை நீக்கிவிடுங்கள். இங்கே விசாரிக்கப்படுவது மகளின் நலன் மட்டுமே.

வேலை இழப்பைப் பொறுத்தவரை, 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு உங்களுக்கு உதவும். பராமரிப்பு வழக்குகளில் இரு தரப்பினரும் வருமானம், சொத்து, கடன் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று அது வகுத்தது. அவர் அதைத் தாக்கல் செய்யாமல் இருந்தால் கேட்டுப் பெறுங்கள். உங்கள் சம்பளத்தையும் மறைக்காமல் எழுதுங்கள். ஒரு தொகையை மறைத்தது தெரிந்தால், நீங்கள் சொன்ன உண்மைகளும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

நீதிபதி மகளைத் தனியறையில் அழைத்துப் பேசக்கூடும். விவரமறியும் வயதுள்ள குழந்தையின் விருப்பத்தைக் கருதலாம் என்கிறது 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்பில் உள்ளோர் சட்டம். அதற்காக அவளுக்குப் பதில் சொல்லிக் கொடுக்காதீர்கள். மனப்பாடம் செய்த வாக்கியத்தை நீதிபதிகள் எளிதில் கண்டுகொள்வார்கள் என்பது ஒருபுறம் இருக்க, தாய் தந்தை இருவரையும் நேசிக்கும் பிள்ளையின் மேல் அந்தச் சுமையை ஏற்றுவது பெருந்துன்பம்.

வழக்கறிஞருக்குச் செலவழிக்க வழியில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு.

கேள்வி: ஜீவனாம்சத்தைக் குறைக்க மனு போட்டுள்ளேன். தீர்ப்பு வரும் வரை பாதித் தொகையை மட்டும் அனுப்பலாமா?
– ஒரு வாசகர்

பதில்: கூடாது. உத்தரவு மாறும் வரை முழுத் தொகையும் கடனாகவே சேரும். வசூல் நடவடிக்கைக்கும் நீங்கள் உள்ளாவீர்கள். உண்மையிலேயே இயலவில்லை என்றால், இடைக்கால நிவாரணம் கேட்டுத் தனி மனு போடுங்கள். அதுவரை முடிந்ததை வங்கி வழியாக அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.