மாதர் ஞாயிறில் பெண் வேதம் வாசித்து ஜெபிக்கலாமா?

கேள்வி: மாதர் ஞாயிறு ஆராதனையில் வேதம் வாசித்து, ஜெபத்தை நடத்தும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். "சபையில் பெண்கள் பேசக்கூடாது என்று பவுலே எழுதியிருக்கிறார்" என்கிறார் மூப்பர் ஒருவர். நான் ஒப்புக்கொண்டால் வேதத்துக்குக் கீழ்ப்படியாதவள் ஆகிவிடுவேனோ?
- ஒரு சகோதரி, கல்லடி, மட்டக்களப்பு

பதில்: பயப்படாமல் ஒப்புக்கொள்ளுங்கள், சகோதரி.

மூப்பர் சொல்வது 1 கொரிந்தியர் 14:34. வேதத்தில் உள்ள வசனம், தள்ளிவிட முடியாது. ஆனால் அதே நிருபத்தில் 11:5ஐயும் வாசியுங்கள். ஜெபம்பண்ணும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் பெண் தலையை மூடியிருக்க வேண்டும் என்கிறார் பவுல். எப்படி ஜெபிப்பது என்று ஒழுங்கு சொன்னவரே, மூன்று அதிகாரம் தள்ளி வாயே திறக்கக்கூடாது என்பாரா?

14ஆம் அதிகாரம் முழுவதும் ஆராதனையின் ஒழுங்கைப் பற்றியது. அங்கே பேசாமலிருக்கச் சொல்லப்படுவது பெண்களுக்கு மட்டுமல்ல. அர்த்தம் சொல்ல ஆளில்லாதபோது அந்நியபாஷைக்காரன் பேசாமலிருக்கட்டும் (28). இன்னொருவனுக்கு வெளிப்பாடு கிடைத்தால் முன்பு பேசியவன் நிறுத்தட்டும் (30). இந்த இருவரும் ஆயுள் முழுக்க மௌனமாக இருக்கவேண்டும் என்று யாரும் சொல்வதில்லையே. பெண்களைப் பற்றிய பகுதியிலும் அடுத்த வசனம், கற்றுக்கொள்ள விரும்பினால் வீட்டில் கணவரிடம் விசாரிக்கட்டும் என்கிறது. சபை நடுவே கேள்வி கேட்பதைத்தான் அது தடுக்கிறது என்று நான் விளங்கிக்கொள்கிறேன்.

உண்மையில் கடினமானது 1 தீமோத்தேயு 2:12. உபதேசிக்கவும் புருஷன்மேல் அதிகாரம் செலுத்தவும் பெண்ணுக்கு உத்தரவில்லை என்கிறது. எல்லாக் காலத்துக்கும் உரிய கட்டளை அது என்று பல சபைகள் உண்மையான பக்தியோடு நம்புகின்றன. தீமோத்தேயு ஊழியம் செய்த எபேசு பட்டணத்தில் பரவிய கள்ள உபதேசத்தை அடக்கச் சொன்னது என்பார்கள் மற்றவர்கள். என் மனம் இரண்டாவதன் பக்கமே. அதே எபேசுவில் அப்பொல்லோவுக்குத் தேவமார்க்கத்தை விளக்கியவர்களில் பிரிஸ்கில்லாளும் ஒருத்தி (அப்போஸ்தலர் 18:26). கொரிந்துக்கு அருகே உள்ள கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி பெபேயாளை ஏற்றுக்கொள்ளும்படி ரோமருக்கு எழுதியவரும் பவுல்தான்.

1814இலிருந்து மட்டக்களப்பில் இருக்கும் மெதடிஸ்த திருச்சபை இன்று பெண்களையும் போதகர்களாக அபிஷேகம் செய்கிறது. கத்தோலிக்கரிடம் குருத்துவம் ஆண்களுக்கே. ஆனாலும் வாசகர் பணியைப் பெண்களுக்கும் முறைப்படி வழங்கலாம் என்று 2021இல் திருத்தந்தை பிரான்சிஸ் சட்டத்தைத் திருத்தினார். பிரசங்கம், மேய்ப்பர் பொறுப்பு பற்றித்தான் சபைகளுக்குள் பெரிய வேறுபாடு. உங்களிடம் கேட்டதோ வாசிப்பும் ஜெபமும்.

சரி, இனிச் செய்யவேண்டியது. முதலில் போதகரிடம் பேசுங்கள். அப்புறம் மூப்பரைத் தனியே சந்தித்து, 1 கொரிந்தியர் 11ஆம், 14ஆம் அதிகாரங்களை அவரோடு சேர்ந்தே வாசியுங்கள். முக்காடு உங்கள் சபையின் வழக்கமென்றால் முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்ளுங்கள். வேதபகுதியை முன்கூட்டியே வாங்கி, பெயர்கள் தடுமாறாதபடி வீட்டில் சத்தமாக வாசித்துப் பழகுங்கள். மூப்பர் அப்போதும் ஒப்பாவிட்டால் நீங்கள் வாதாட வேண்டாம்; முடிவைப் போதகர் சொல்லட்டும்.